பாகின் பதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளியை ஒட்டித் தங்கள் இதழில் 'தெருக்கடை ஜிலேபி இனி உங்கள் வீட்டிலேயே' என்று ஒரு சமையல் குறிப்பு வந்திருந்தது. மற்ற வாசகர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்களோ, எனக்கு ஒரு வரி நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. "பாகின் பதத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், சீனி கரைந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம்" என்று போட்டிருந்தீர்கள்.

ஆசிரியர் அவர்களே, எண்ணெயில் பொரித்துப் பாகில் போடுகிற பலகாரத்துக்குப் பாகுதானே உயிர்? அதைப் பற்றிக் கவலைப்படாமல் வேறு எதைப் பற்றிக் கவலைப்படுவது? இது தங்களுக்குத் தெரியாததல்ல. தங்கள் வீட்டிலும் தீபாவளிக்கு அடுப்பு எரிந்திருக்கும், பாகு கொதிக்கும்போது பேச்சுக் கொடுத்தால் யாராவது அதட்டியிருப்பார்கள். அப்படியிருந்தும் இந்த வரி எப்படித்தான் அச்சேறியதோ?

இங்கே சிங்கப்பூரில், பொங்கோல் வட்டாரத்தில் இருக்கும் என் மருமகள் வேலைக்குப் போகிற பெண். தீபாவளிக்குக் கடையில் வாங்கினால் போதும் என்று இருந்தவள், தங்கள் குறிப்பைப் பார்த்துவிட்டு இந்த வருஷம் தானே செய்கிறேன் என்று ஆசையாகக் கிளம்பினாள். குறிப்பில் இருந்தபடியே சீனி கரைந்ததும் அணைத்தாள். பொரித்த ஜிலேபியைப் போட்டாள். வெறும் சீனித் தண்ணீர்தானே, ஜிலேபி சொதசொதவென்று ஊறி, கரண்டியில் எடுத்தால் முறிந்து தொங்கியது. பாகு நீர்த்திருக்கிறது என்று அவளே யோசித்து மறுபடி அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டாள். எதைப் பார்த்து இறக்குவது என்று குறிப்பில் ஒரு சொல் இல்லை. பாகு முற்றிவிட்டது. மறுநாள் டப்பாவைத் திறந்து என்னிடம் காட்டியபோது ஜிலேபி முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சீனி பூத்திருந்தது. கடித்தால் நறநறவென்றது.

"பதம் பார்க்கலையாம்மா?" என்று கேட்டேன். "கவலைப்பட வேண்டாம்னுதானே அத்தை போட்டிருந்தாங்க" என்றாள். அப்புறம் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எனக்குக் கைப்பக்குவம் இல்லை அத்தை. இனிமே கடையிலேயே வாங்கிக்கலாம்."

அவள் கையில் ஒரு குறையும் இல்லை. கைப்பக்குவம் என்று நாம் சொல்வதில் பாதி, யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று சரியான நேரத்தில் சொல்லிக்கொடுத்த விஷயம். அப்படிச் சொல்லித்தர ஆள் இல்லாத வீடுகளுக்குத்தானே பத்திரிகையில் சமையல் பக்கம்?

பதத்தை எழுத்தில் சொல்ல முடியாது என்று யாராவது தங்களிடம் சொல்லியிருந்தால் அது தவறு. அரைக் கிலோ சீனிக்குக் கால் லிட்டர் தண்ணீர். கொதி வந்ததும் ஒரு சொட்டைத் தட்டில் விட்டுக் கொஞ்சம் ஆறவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தொட்டுப் பிரித்தால் ஒரு கம்பி அறுந்துபோகாமல் நீள வேண்டும். அதுதான் ஒரு கம்பிப் பதம். வெப்பமானி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு 105 டிகிரி செல்சியசை ஒட்டி என்று சொல்லிவிடலாம். அந்த இடத்தில் அணைத்து, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் சீனி பூக்காது. ஜிலேபியைப் போடும்போது பாகு கை பொறுக்கிற சூட்டில் இருக்க வேண்டும். கொதிக்கிற பாகில் போட்டால் மொறுமொறுப்பு போய்விடும், ஆறிப்போன பாகில் போட்டால் உள்ளே இறங்காது. அரை நிமிடம் ஊறினால் போதும், எடுத்துவிடலாம். ஒரு பத்திக்குள் அடங்குகிற விஷயம் இது. 'நாவில் கரையும்', 'சுண்டி இழுக்கும்' என்று வர்ணிக்க இரண்டு பத்தி ஒதுக்கியிருந்தீர்களே, அதில் ஒன்றை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாவை 24 மணி நேரம் வெளியே வைத்துப் புளிக்கவிடச் சொல்லியிருந்தீர்கள். இது எந்த ஊர்க் கணக்கு? பனிக்காலத்தில் மாவு பொங்காமல் கிடக்கும் வட இந்திய ஊர்களுக்கு அது சரி. சிங்கப்பூரில் இராத்திரியிலும் சமையலறை புழுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மைதாவைத் தயிர்விட்டுக் கரைத்துப் படுக்கப் போகும்போது மூடிவைத்தால் விடியும்போது குமிழி விட்டு, லேசான புளிப்பு வாசனையோடு தயாராக இருக்கும். அதற்கு மேல் விட்டால் ஜிலேபியில் புளிப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. செய்த ஜிலேபியைக் காற்றுப்புகாத டப்பாவில் ஒரு வாரம் வைக்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. தீபாவளி வரும் அக்டோபர், நவம்பரில் பிற்பகலில் அடிக்கடி இடியும் மழையும். காலையில் பொரித்தது சாயங்காலமே நமத்துப்போகும் ஊரில் ஒரு வாரமா? ஜிலேபி சுடச்சுடச் சாப்பிடுகிற பலகாரம், வைத்துச் சாப்பிட அதிரசம் இருக்கிறது.

அதிரசம் என்றதும் பழைய வருத்தம் ஒன்று நினைவுக்கு வருகிறது. முன்பொரு தீபாவளிக்குத் தங்கள் அதிரசக் குறிப்பில் 'கடையில் கிடைக்கும் அரிசி மாவு இரண்டு கப்' என்று இருந்தது. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் ஈரம் தெரிகிற நிலையிலேயே அரைத்துச் சலிக்க வேண்டும். காய்ந்த பாக்கெட் மாவில் அதிரசம் வராது, எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும். வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் மெத்தென்று உருண்டு வர வேண்டும் என்பதையும் அப்போதே விட்டுவிட்டீர்கள். நான் ஒரு கடிதம் எழுதினேன். அது பிரசுரமாகவில்லை. இடப் பற்றாக்குறை இருந்திருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இந்த முறை ஜிலேபிக் குறிப்புக்கு மேலே பெரிதாக அச்சிட்டிருந்த படம் ஜாங்கிரி. ஜாங்கிரிக்கு உளுந்தை ஊறவைத்துக் கெட்டியாக அரைத்து, துணியில் வைத்துப் பூப்போலப் பிழிய வேண்டும். ஜிலேபிக்குப் புளித்த மைதா. காற்பந்து ஆட்டத்தின் கோல் எண்ணிக்கை ஒன்று பிசகினால் மறு இதழிலேயே திருத்தம் போடுகிறீர்கள், நடிகர் படம் மாறினால் வருந்துகிறோம் என்கிறீர்கள். சமையல் பக்கத்தில் படமும் தப்பு, அளவும் தப்பு, அதற்கு ஒரு வருத்தமும் வந்து நான் பார்த்ததில்லை. படிப்பது வீட்டுப் பெண்கள்தானே, அவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள் என்ற எண்ணமா? அப்படி இருக்காது என்று நம்ப விரும்புகிறேன்.

என் அப்பா சிராங்கூன் சாலைப் பக்கம் தள்ளுவண்டியில் வடையும் சுழியமும் பொரித்து விற்றவர். தெருவோர வியாபாரிகளை அரசாங்கம் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றியபோது அவரும் கடைக்குள் போனார். அவர் வாணலி முன்னால் நின்று வளர்ந்தவள் நான். சுழியத்துக்குக் கடலைப்பருப்பை மலர வேகவைக்க வேண்டும், குழையவிடக் கூடாது, பூரணத்தில் ஈரம் தங்கினால் எண்ணெயில் வெடிக்கும் என்பதெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 2020இல் நம் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது தாங்கள் பக்கம் பக்கமாகப் பெருமைப்பட்டீர்கள். நானும் கண்கலங்கிப் படித்தேன். அந்த மனிதர்களுக்குத் தெரிந்திருந்ததை ஒழுங்காக அச்சிட்டு வைப்பதும் அந்தப் பெருமையில் சேர்ந்ததுதானே?

'புகை வரும்வரை அதிகத் தீயில் எண்ணெயைக் காய்ச்சவும்' என்ற வரியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜிலேபிக்குத் தட்டையான வாணலியில் ஒரு அங்குல எண்ணெய், மிதமான தீ. ஒரு சொட்டு மாவை விட்டால் கருகாமல் மேலெழும்ப வேண்டும். எண்ணெய் புகைந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள், அடுத்தது நெருப்புத்தான். அடுப்பைக் கவனிக்காமல் விடுவது வீட்டுத் தீச்சம்பவங்களின் முக்கியக் காரணங்களில் ஒன்று என்று தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படை சொல்லிக்கொண்டே இருக்கிறது. கதவைச் சாத்திக் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் புதிதாகப் பொரிக்கிற ஒரு பெண்ணிடம், புகை வரட்டும் என்று எழுதலாமா? எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுப்பை அணைத்து வாணலியை மூடிவிடுங்கள் என்று ஒரு எச்சரிக்கையாவது கூடவே போட்டிருக்க வேண்டாமா?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. சமையல் குறிப்பு எங்கிருந்து வந்தாலும், அச்சிடும் முன் இங்குள்ள ஒரு வீட்டு அடுப்பில் யாராவது ஒருமுறை செய்து பார்க்கட்டும். சீனி, மாவு அளவுகளைக் கிராமில் போடுங்கள். ஒரு வீட்டுக் கப் இன்னொரு வீட்டுக் கப்பைப்போல இருப்பதில்லை. 'தேவையான அளவு' என்பதை உப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாகு வருகிற குறிப்பென்றால் என்ன பதம், அதை எப்படிப் பார்ப்பது என்று எழுதுங்கள். செய்து பார்க்க ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன், காசு ஒன்றும் வேண்டாம். தேக்கா சந்தைக்குப் போய் வெல்லம் வாங்குவதிலிருந்து கூடவே இருந்து காட்டுகிறேன்.

இந்த ஜிலேபிக் குறிப்புக்கு மட்டும் அடுத்த இதழிலேயே திருத்தம் வேண்டும். பாகு ஒரு கம்பிப் பதம், மிதமான தீ, மாவு ஓர் இரவு புளித்தால் போதும் என்று மூன்று வரி. அதைச் சமையல் பக்கத்திலேயே, குறிப்பு வந்த அதே அளவு எழுத்தில் போடுங்கள். கடைசிப் பக்கத்து மூலையில் வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
அங் மோ கியோ