குறும்படப் போட்டித் தெரிவுக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். திருகோணமலையில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் ஆசிரியராக இம்மடலை எழுதுகிறேன். சமூக உளவியலின் புகழ்பெற்ற மூன்று பரிசோதனைகளைப் படமாகக் கற்பனை செய்து என் உயர்தர மாணவர்கள் அனுப்பிய திரைப்பிரதிகள், "நம் மண்ணுக்குப் பொருந்தாதவை" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்துள்ளன. எழுதியவர்களை நேரில் அழைத்துக் கேட்டு, அவற்றை மறுபடி வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

மூதூர் மாணவனின் பிரதியையே முதலில் சொல்கிறேன். 1954 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் உளவியலாளர் முசாபர் ஷெரிப் 22 சிறுவர்களை இரு அணிகளாக முகாமிட வைத்தார். போட்டியும் பரிசும் வந்ததும், ஓர் அணி மற்றதன் கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. பின்னர் முகாமுக்குத் தண்ணீர் வராமல் போனபோதும், உணவு எடுக்கப் போகவேண்டிய லொறி நின்றுவிட்டபோதும் இரு அணியினரும் ஒன்றுகூடினர். லொறியை இழுக்க அவர்கள் எடுத்தது, முன்பு எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிற்றைத்தான். தண்ணீரை நிறுத்தியவர்களோ, பரிசோதனையை நடத்திய பெரியவர்களே.

இதை அவன் நம் கடற்கரைக்குக் கொண்டுவந்தான். மணலில் புதைந்த தண்ணீர் பவுசரைக் கரைவலைக் கயிற்றால் பிள்ளைகள் இழுக்கிறார்கள். உப்பேறிய கயிறு உள்ளங்கையை உரித்த காயம் திரை முழுவதும் தெரிகிறது. கடைசிக் காட்சியில், குழாயை அடைத்த ஈரச் சாக்குத்துண்டு பெரியவர் ஒருவரின் காலடியில் கிடக்கிறது. மூன்று இனத்தவரும் அருகருகே வாழும் இந்த மாவட்டத்துக்கு இது எவ்வாறு பொருந்தாது என்பதை அன்புகூர்ந்து விளக்குங்கள்.

அந்த விளக்கத்தைக் கேட்பதற்காகவே அவன் ரியூசன் வகுப்பை விட்டு, முதல் பஸ்ஸில் புறப்பட்டு வந்து, தங்கள் அலுவலக வாசலில் காலை எட்டரை முதல் பிற்பகல் இரண்டு மணி வரை நின்றான். எவரும் அவனை உள்ளே அழைக்கவில்லை. காட்சிகளை வரைந்து அவன் பிரதியோடு இணைத்திருந்த உறை, ஒட்டியது ஒட்டியபடியே திரும்பி வந்திருக்கிறது. வாசிக்காமல் நிராகரிப்பது எந்தப் போட்டிக்கும் அழகன்று.

மாணவி ஒருத்தி எடுத்துக்கொண்டது, ஸ்ரான்லி மில்கிராம் 1961 இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பரிசோதனை. சுவருக்கு அப்பாலுள்ளவர் பிழையான விடை சொல்லும் ஒவ்வொரு முறையும், 15 வோல்ற்றில் தொடங்கி 450 வரை மின்னதிர்ச்சியைக் கூட்டுமாறு அதிகாரி பணிக்கிறார். மின்னதிர்ச்சி உண்மையானதன்று, ஆனால் அழுத்தியவர்கள் அதை அறியார்கள். ஒரு சுற்றில் 40 பேரில் 26 பேர் இறுதிவரை சென்றனர். கூட இருந்த இருவர் மறுத்து விலகியதைக் கண்ட வேறொரு சுற்றிலோ, 40 பேரில் நால்வர் மட்டுமே அவ்வாறு சென்றனர். அவள் படத்தை முடித்திருப்பது அந்த மறுப்பில்தான். கமெரா ஆளியின் மேலிருக்கும் கையை விட்டு அகலாது. கை விலகும்போது படம் முடியும். மூன்றாவது பிரதி, சுற்றியிருப்போர் எல்லோரும் பிழையான விடை சொன்னால் ஒருவர் அதற்கு இணங்குவாரா என்று அறிய, கோடுகளின் நீளத்தைக் கேட்டு சொலமன் ஆஷ் செய்த பரிசோதனையைப் பற்றியது. அதுவும் இதே அக்கறையோடு எழுதப்பட்டதுதான்.

கிழக்கின் பிள்ளைகள் என்றால் போரையும் சுனாமியையும் மட்டுமே எழுதவேண்டும் என்ற எதிர்பார்ப்பை நான் பல மேடைகளில் கண்டு மனம் கசந்திருக்கிறேன். தங்கள் துயரைச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. மனிதர் ஏன் பணிகிறார், ஏன் பிரிகிறார் என்று ஆராயவும் அதே உரிமை உண்டு. எந்த ஊரில் நடந்த பரிசோதனையானாலும், அதைத் தம் கண்ணால் பார்க்கும் பிள்ளை இந்த மண்ணின் பிள்ளைதானே?

கடுமை தென்பட்டால் பொறுத்தருள்க. பரிசு வேண்டுமென்று நாங்கள் கேட்கவில்லை. மூன்று பிரதிகளையும் மறுபடி வாசியுங்கள். எழுதியவர்களை அழைத்துக் கேளுங்கள். அதன் பின்னும் மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தாருங்கள். மூதூருக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க வசதியாக, சனிக்கிழமை முற்பகலில் ஒரு நேரம் ஒதுக்கித் தந்தால் நன்றியுடையோராவோம். அந்த உறையைப் பிரிக்காமல் கொண்டுவருவோம்.

இங்ஙனம்,
நாடக ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.