சிறு விமானங்களை ஓட்டும் தனியார் விமானிகளின் மருத்துவத் தகுதி விதிகளைத் திருத்தப் பரிந்துரை கோரும் மனு

அனுப்புநர்:
தனியார் விமானி உரிமம் பெற்றவர்,
போச்சம்பள்ளி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மக்கள் குறைதீர்க்கும் நாள், கிருஷ்ணகிரி.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

போச்சம்பள்ளி அருகே மாங்கூழ் ஆலை நடத்தி வரும் எனக்கு வயது 51. 1990-களில் ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் ஆறு பேர் அமரும் பி-68 விமானங்கள் தயாரானபோது, கல்லூரி விடுமுறைகளில் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். அன்று பிடித்த ஆசை 44-ஆவது வயதில்தான் கைகூடி, முறையாகப் பயின்று தனியார் விமானி உரிமம் பெற்றேன். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் செல்ல இந்த உரிமம் இடம் தராது. பகலில், வானம் தெளிந்திருக்கும்போது, சொந்த விருப்பத்துக்காகப் பறப்பதே என் வழக்கம்.

இதற்கு, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று பெற்று, அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடந்த முறை விண்ணப்பத்தில், இரத்த அழுத்தத்துக்காகக் காலையில் ஒரு மாத்திரை சாப்பிடுவதைக் குறிப்பிட்டேன். பக்கத்தில் அமர்ந்திருந்த இன்னொரு விமானி எட்டிப் பார்த்துவிட்டு, "அதை ஏன் சார் எழுதுறீங்க? விட்டுடுங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நான் எழுதியதை அடிக்கவில்லை. தற்காலிகமாகத் தகுதியற்றவர் என்று முடிவானது. 24 மணி நேர அழுத்தப் பதிவு, எக்கோ, டிரெட்மில் என்று ஒன்றை அனுப்பிய பிறகே அடுத்தது கேட்கப்பட்டு, ஒன்பது மாதம் கழித்து, அதே மாத்திரையோடு, தகுதி உண்டு என்று பதில் வந்தது. பதினோரு ஆண்டுகளாக என் அழுத்தத்தைத் தம் கைப்படக் குறித்து வரும் எங்கள் ஊர் மருத்துவரின் நோட்டுப் புத்தகத்தை ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்பது மாதம் பறக்காமல் இருந்ததை நான் பொறுத்துக்கொண்டேன். அந்த விமானி சொன்ன சொல்தான் இன்றும் உறுத்துகிறது. உண்மையை எழுதியவன் தரையில் இருக்க, மறைத்தவர் பறப்பார் என்றால், விதி எதைக் காக்கிறது? 2015 மார்ச் 24 அன்று பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே மோதவிட்டு 150 உயிர்கள் போயின. அவர் கையில் செல்லத்தக்க மருத்துவச் சான்று இருந்தது. அப்போதைய மனநோயை நிறுவனத்திடம் மறைத்திருந்தார். பறக்கும் உரிமை போய்விடுமோ என்ற அச்சமும் அந்த மறைப்புக்குக் காரணம் என்று விசாரணையில் பதிவானது. பெரிய விமானத்துக்கே இதுதான் நிலை என்றால், சிறு விமானத்தை ஓட்டுபவரையும் அச்சத்தில் வைத்திருப்பதால் பாதுகாப்பு அதிகரிக்காது.

அமெரிக்காவில் 2017 மே முதல் நடைமுறையில் உள்ள 'பேசிக்மெட்' முறைப்படி, தனியார் விமானி எந்த மருத்துவரிடமும் 48 மாதங்களுக்கு ஒரு முறை உடல் பரிசோதனை செய்துகொண்டு, 24 மாதங்களுக்கு ஒரு முறை இணையவழி மருத்துவப் பாடம் முடித்தால் போதும். ஆயினும் குறிப்பிட்ட சில இதய, நரம்பு, மனநல நோய்கள் இருந்தால் அரசின் சிறப்பு அனுமதியை ஒரு முறையாவது பெற்றாக வேண்டும். பிரிட்டனில் கார் ஓட்டுநருக்குரிய உடல்தகுதியை அடிப்படையாகக் கொண்டு, தாம் தகுதியுடன் இருப்பதாக விமானியே அளிக்கும் தன்னுறுதிமொழி 2016 முதல் ஏற்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவும் 2024 பிப்ரவரியில் அவ்வழிக்கு வந்தது.

வெறும் தன்னுறுதிமொழி நமக்கு இப்போதே போதும் என்று நான் கேட்கவில்லை. நம் ஊரில் சர்க்கரையும் அழுத்தமும் இருப்பதே தெரியாமல் பலர் நடமாடுவதால், மருத்துவர் ஒருவர் தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும். வலிப்பு, மாரடைப்பு, இன்சுலின் ஊசி போன்றவற்றில் இன்றைய கண்டிப்பு அப்படியே தொடரட்டும். மாத்திரையால் கட்டுக்குள் இருக்கும் அழுத்தம் போன்றவற்றுக்கு மட்டும், இந்திய வான்வெளிக்குள் பகலில் பறக்கும் சிறு விமானங்களைப் பொறுத்தவரை, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் பதிவேடும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பரிசோதனையும் ஏற்கப்பட வேண்டும். தேவையான பரிசோதனைகள் அனைத்தையும் ஒரே கடிதத்தில் கேட்டு, 60 நாட்களுக்குள் காரணத்துடன் எழுத்துமூலம் முடிவு சொல்ல வேண்டும். தாமாக நோயைத் தெரிவித்தவருக்கு அதனாலேயே இடர் வராது என்பது விதியிலேயே இடம்பெற வேண்டும்.

திருத்தும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கே உரியது என்பதை அறிவேன். எனினும் ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டுள்ள நிலையில், இம்மாவட்டப் பிள்ளைகள் பலர் இனி விமானி ஆசையோடு இதே படிவத்தை நிரப்புவார்கள். ஆகவே இம்மனுவைத் தங்கள் பரிந்துரையுடன் புதுதில்லியிலுள்ள தலைமை இயக்குநருக்கு அனுப்பி, அனுப்பிய விவரத்தை எனக்கும் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: தகுதியின்மை ஆணை, பின்னர் பெற்ற தகுதிச் சான்று ஆகியவற்றின் நகல்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்