புதன்கிழமை இரண்டு மணி

அன்புள்ள சண்முகம்,

மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். நான் வராததற்குத் திட்டி எழுதியிருந்தாய், வாங்கிக்கொண்டேன். அந்த வாரம்தான் இங்கே எம்.டி. ரேடியாலஜி பரீட்சை.

ரிட்டையர் ஆகப்போகிற வயதில் எம்.டி. படிக்கும் பிஜி பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி கற்றுக்கொடுக்கும் வேலையை ஏன் இழுத்துப் போட்டுக்கொண்டாய் என்று கேட்டாய். நம் தீசிஸ் ஞாபகம் இருக்கிறதா? டைப்பிங் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்து சீனியர் தீசிஸில் ஊரையும் வருஷத்தையும் மாற்றினோமே. அட்டையில் இருந்த தங்க எழுத்து மட்டும்தான் நம்முடையது. அந்த வெட்கம்தான் காரணம்.

இப்போது சென்னை தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் நடத்தும் ஆன்லைன் ஆராய்ச்சிப் படிப்பை எல்லா பிஜியும் முடித்தாக வேண்டும். நல்ல படிப்புதான். ஆனால் சி.டி. ஸ்கேன் கன்சோலில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே ஒரு காதில் லெக்சர் கேட்டால் என்ன ஏறும்? அதனால் புதன்கிழமை இரண்டிலிருந்து நாலு மணி வரை அவர்களை யாரும் கூப்பிடக் கூடாது என்று வைத்தேன். அந்த நேரம் ஸ்கேன் ரூமில் நானும் உதவிப் பேராசிரியரும் உட்காருகிறோம். முதல் மாதம் எல்லோரும் முணுமுணுத்தார்கள்.

முதல் பாடமே விளையாட்டு மாதிரி. 40 கல்லீரல் அல்ட்ராசவுண்ட் படங்கள். கொழுப்பு இருக்கிறதா இல்லையா, இரண்டு பேர் தனித்தனியாக எழுத வேண்டும். இருவருமே 30 படங்களில் 'இருக்கிறது' என்றார்கள். 32 படங்களில் ஒத்துப்போனார்கள். எண்பது சதவீதம் என்று ஒரே குஷி. சரி, இருவரும் படத்தைப் பார்க்காமல் அதே கணக்கில் குருட்டாம்போக்காக எழுதியிருந்தால் எவ்வளவு ஒத்துப்போயிருக்கும் என்றேன். போர்டில் போட்டுப் பார்த்தார்கள்: 25 படங்கள். அப்படித் தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மிச்ச ஒற்றுமையை அளப்பதுதான் கப்பா; முழுதாக ஒத்துப்போனால் 1. இவர்களுக்கு வந்தது 0.47தான். ரூமில் சத்தமே இல்லை. (அதே படங்களை இரண்டு வாரம் கழித்து நானே திரும்பப் பார்த்தபோது ஐந்தில் மாறிப்போனேன். அதையும் சொல்லிவிட்டேன்.)

அப்புறம்தான் கேள்விகள் வர ஆரம்பித்தன. இரண்டாம் வருஷப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், அப்பெண்டிக்ஸ் தெரியவில்லை என்று எழுதி அனுப்புகிறோமே, அவர்களுக்கெல்லாம் அப்புறம் என்ன ஆயிற்று?" முப்பது வருஷமாக அந்த வரியை எழுதுகிறேன், ஒரு நாள் கூட எனக்குத் தோன்றவில்லை. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கி, இப்போது சர்ஜரி வார்டு ரிஜிஸ்டரோடு மல்லுக்கட்டுகிறாள். பாதிப் பேருக்குப் போன் நம்பர் தப்பு.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. அவளுடைய அப்பெண்டிக்ஸ் படங்களை இன்னொருவர் பார்க்க வேண்டும், இங்கே இருப்பவர்கள் எல்லோருக்கும் விடை தெரியும். நீ இரண்டாவது ரீடராக, அதாவது படங்களைத் தனியாகப் பார்த்து எழுதுபவனாக, வருவதைக் கமிட்டியிடம் சொல்லியாயிற்று. நோயாளி பெயர், நம்பர் எல்லாம் நீக்கி அடுத்த வாரம் பென் டிரைவில் அனுப்புகிறேன். எங்கள் ரிப்போர்ட்டைக் கேட்காதே, தரமாட்டேன். மருமகனிடம் கொடுத்து ஒப்பேற்றவும் கூடாது.

அன்புடன்,
உன் ரூம்மேட்