மூன்று நாள் பேசாமல் இருக்கச் சொல்லாதீர்கள்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

2024 நவம்பரில் உங்கள் தரப்பிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ படங்களை யூடியூப் விமர்சனங்கள் பாதித்துவிட்டன, இனி தியேட்டர் வளாகத்துக்குள் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டுப் படம் பிடிக்க யாரையும் விடக்கூடாது என்றீர்கள். அடுத்த மாதமே, படம் வெளியான முதல் 3 நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனீர்கள். விமர்சனம் கருத்துச் சுதந்திரம், பொத்தாம்பொதுவாகத் தடை போட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் பெரிய படம் ஏதாவது சரியாகப் போகவில்லை என்றால் அந்த ‘3 நாள்’ பேச்சு மறுபடி எழுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நாலு பேர். நாலு பேருக்கும் ஒரே படம் பிடித்ததாக எனக்கு நினைவே இல்லை. அம்மாவுக்கு ரத்தம் ஆகாது. கத்தி தூக்கும் காட்சி வந்தால் முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோய்விடுவாள். என் மகன் அப்படிப்பட்ட படத்தை மூன்று தடவை பார்ப்பான். போன வருடம் ஒரு படத்துக்குப் போய்வந்து, “செம மொக்கை பாட்டி. ஒரு ஃபைட்டும் இல்ல. பேசிக்கிட்டே இருக்காங்க” என்று சொன்னான். அம்மா உடனே என்னிடம் திரும்பி, “எனக்கு அதுக்கு ஒரு டிக்கெட் போடுடா” என்றாள். போனாள், அழுதாள், இன்றைக்கும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறாள்.

பிடிக்கவில்லை என்று ஒருவர் சொல்லும்போது அதற்குள் ஒரு தகவலும் இருக்கிறது. மெதுவாகப் போகிறது, பாட்டு அதிகம், வெட்டுக்குத்து தாங்க முடியவில்லை, அழ வைக்கிறார்கள் என்று ஏதோ ஒரு காரணம் சொல்கிறார். அவரைத் துரத்திய அதே காரணம் இன்னொருவரை உள்ளே அழைத்துவரும். பேச்சை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

2003 பொங்கலுக்கு ‘அன்பே சிவம்’ வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். சுந்தர்.சி இயக்கம், கமல், மாதவன் என்றதும் வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்றுதான் போனேன். முகமெல்லாம் தழும்பும் தடித்த கண்ணாடியுமாகக் கமல் வந்தார். வெள்ளத்தில் சிக்கிய இரண்டு பேர் புவனேஸ்வரத்திலிருந்து ஊர் திரும்பப் பாடுபடும் கதை. எனக்கு ஒட்டவே இல்லை. விடுதிக்குத் திரும்பி, “யாரும் போகாதீங்கடா” என்று சொன்னேன். அறையில் இருந்த ஆறு பேரும் ‘தூள்’ பார்க்கப் போனார்கள். தமிழ்நாடு முழுக்க என்னைப் போல எத்தனை பேர் அப்படிச் சொன்னார்களோ, படம் தோற்றது. அப்போது யூடியூபே கிடையாது. அது 2005-ல்தான் வந்தது.

சில வருடங்கள் கழித்து, அப்பா விபத்தில் கால் உடைந்து வீட்டோடு கிடந்தார். ஒரு ஞாயிறு மத்தியானம் டிவியில் அந்தப் படம் ஓடியது. படத்தில் விபத்துக்குப் பிறகு கமல் உடம்பை இழுத்துக்கொண்டு நடப்பதை அப்பா கண்ணெடுக்காமல் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். படத்தில் ஒரு காட்சிகூட மாறவில்லை. எனக்கு வயதாகியிருந்தது, வீட்டில் ஒரு கஷ்டம் வந்திருந்தது, அவ்வளவுதான். அன்று மாலையே அந்தப் பழைய விடுதி நண்பர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “மறுபடி பாருங்கடா” என்றேன். அந்தப் படத்தை இன்று இவ்வளவு பேர் கொண்டாடுகிறார்கள் என்றால், அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது எங்களைப் போன்றவர்களின் வாய்தான். 2003-ல் வேண்டாம் என்று சொன்னதும் அதே வாய்தான்.

செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010-ல் வந்தபோது குழம்பிப்போய் வெளியே வந்தவர்கள் நிறைய. அதையே 2021 கடைசியில் மறுபடி வெளியிட்டபோது கூட்டம் வந்தது. அந்தப் பதினோரு வருடமும் ரசிகர்கள் அதைத் திட்டியும் பாராட்டியும் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சண்டைதான் படத்தை உயிரோடு வைத்திருந்தது என்று நான் நம்புகிறேன்.

அப்புறம், விகடன் மதிப்பெண் போட்ட காலம் உங்களில் மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. ‘16 வயதினிலே’ படத்துக்கே 62.5 தான். நூறுக்கு முப்பத்தேழரை குறைத்தார்களே என்று யாரும் வழக்குப் போடவில்லை.

உங்கள் பக்கத்து வலியும் எனக்குப் புரிகிறது. கடன் வாங்கிப் படம் எடுத்தவருக்கு வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிந்ததும் வரும் வசவு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நடிகையின் உடம்பைக் கேலி செய்வது, குடும்பத்தை இழுப்பது, காசு கொடுத்தால் நல்லதாகப் பேசுகிறேன் என்று பேரம் பேசுவது, இதெல்லாம் அசிங்கம். அப்படிச் செய்கிறவர்கள் மீது தனித்தனியாக வழக்குப் போடுங்கள், நான் உங்கள் பக்கம் நிற்பேன். தியேட்டர் வாசலில் மைக்கை மூஞ்சியில் நீட்டுவதும் எனக்குப் பிடிக்காது. ஆனால் இவர்களைக் காட்டி எல்லாருடைய வாயையும் கட்டக் கேட்பது சரியில்லை.

மல்டிபிளெக்ஸில் டிக்கெட் 190 ரூபாய் பக்கம், ஆன்லைனில் போட்டால் அதற்கு ஒரு கட்டணம். பாப்கார்ன், பார்க்கிங் எல்லாம் சேர்த்தால் எங்கள் நாலு பேருக்கு 1,500 தாண்டிவிடுகிறது. மாதத்துக்கு ஒரு தடவைதான் முடியும். இரண்டாம் நாள் காலையிலேயே ‘மாபெரும் வெற்றி’ என்று நீங்கள் போஸ்டர் ஒட்டுகிறீர்கள், நன்றி சொல்லும் கூட்டமும் நடத்துகிறீர்கள். அது உங்கள் உரிமை. அதே 3 நாளில் காசு கொடுத்துப் பார்த்தவர் மட்டும் ஏன் பேசக்கூடாது?

எங்களுக்கு ஓர் உதவி செய்யலாம். டிரெய்லரில் படத்தின் குணத்தை உள்ளபடி காட்டுங்கள். நிதானமான படத்தை அதிரடிப் படம் மாதிரி வெட்டி ஒட்டி விற்றால், வரக்கூடாதவர் முதல் நாள் வந்து உட்காருவார், வரவேண்டியவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். வெளியே வந்து கோபமாகப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் அப்படி ஏமாந்தவர்கள்தான் என்பது என் எண்ணம். 2003-ல் நானும் சிரிப்புப் படம் என்று நினைத்துத்தானே போனேன்.

அம்மா இப்போதும் வியாழக்கிழமை ராத்திரியே, “நாளைக்கு என்னடா படம்?” என்று கேட்கிறாள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் நான் நாலு பேரிடம் விசாரிப்பேன். அந்த நாலு பேரைப் பேச விடுங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு ரசிகன்