கேரிங்டனின் இரண்டு கம்பிகள்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பிள்ளைகளை வைத்துச் சூரியப் புள்ளிகளை, அதாவது சூரியன் மேல் தெரியும் கருந்திட்டுகளை, அளக்க உனக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஆங்கிலேய வானியலாளர் ரிச்சர்ட் கேரிங்டன் இங்கிலாந்தின் ரெட்ஹில் ஊரில் 1853 நவம்பர் முதல் 1861 மார்ச் வரை செய்ததை அப்படியே செய்.

அவரிடம் இருந்தது 4½ அங்குலத் தொலைநோக்கி. வெளிர் வைக்கோல் நிறம் பூசிய கண்ணாடித் தட்டில் 11 அங்குலச் சூரியனை விழவைப்பார். கண்வில்லையின் (கண் வைக்கும் முனையிலுள்ள வில்லை) குவியத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு கம்பிகள். சூரியன் நகரும் திசைக்கு இரண்டும் 45 பாகைச் சாய்வு. தொலைநோக்கியைச் சூரியனுக்குச் சற்று முன்னே நிறுத்திப் பூட்டிவிடு, பிறகு தொடாதே. சூரியன் தானே நகர்ந்து கம்பியைக் கடக்கும். முன்விளிம்பு, புள்ளி, பின்விளிம்பு கம்பியைத் தொடும் விநாடிகளைக் குறி. இரு விளிம்பு நேரங்களின் சராசரிதான் மையம் கடந்த நேரம். புள்ளியின் நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மொத்த நேரத்தின் பாதியால் வகுத்தால், ஆரத்தில் எத்தனை பங்கு தள்ளி இருக்கிறது என்பது கிடைக்கும். இரண்டு கம்பி, இரண்டு எண், புள்ளியின் இடம் வந்துவிட்டது. என்ன அழகான சிக்கனம்!

மார்ச்சில் ஒரு கம்பியைக் கடக்கச் சுமார் 182 விநாடி ஆகும். இரண்டு கம்பிக்கும் 6 விநாடி வித்தியாசம் வந்தால் சாய்வு ஒரு பாகை பிசகியிருக்கிறது, திருப்பிச் சரிசெய். ஒரு விநாடி தவறினால், சூரிய உருண்டையின் மேல் புள்ளியின் இடத்தில், வட்டின் நடுவில் அரைப் பாகைக்குச் சற்று மேலே பிழை, விளிம்பருகே அது பல மடங்கு. அதனால் ஓரத்துப் புள்ளிகளை நம்பாதே. பிளாஸ்டிக் கண்வில்லை வெப்பத்தில் உருகிவிடும். தேடுகுழலின் (தொலைநோக்கியின் மேல் குறிபார்க்க வைத்திருக்கும் சிறு குழல்) மூடியைக் கழற்றவே கூடாது, பிள்ளைகள் கண்ணை வைத்துவிடுவார்கள்.

இப்படி 954 புள்ளிக் கூட்டங்களை அளந்துதான், சூரியன் ஒரே கட்டியாகச் சுழலவில்லை என்று காட்டினார்: ஒரு சுற்றுக்கு நடுக்கோட்டில் சுமார் 25 நாள், அதிலிருந்து 30 பாகை தள்ளி ஏறக்குறைய 26½. சூரியனின் சுற்றுகளுக்கு அவர் தொடங்கிய சுழற்சி எண்ணிக்கை இன்றும் அவர் பெயரிலேயே ஓடுகிறது.

1859 செப்டம்பர் 1 காலை 11.18க்கும் இதே அளவைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். பெரிய கூட்டம் ஒன்றின் மேல் இரண்டு வெண்திட்டுகள் பளிச்சிட்டன. மறைப்புத் தட்டியில் ஓட்டையோ என்று பிம்பத்தை அசைத்துப் பார்த்தார், இல்லை. சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடி ஒரு நிமிடத்துக்குள் திரும்பியபோதே மங்கத் தொடங்கியிருந்தது. ஹைகேட்டில் ஹாட்ஜ்சன் என்பவரும் பார்த்திருந்ததால் பிழைத்தது அந்தப் பதிவு. ஏறத்தாழ 17 மணி நேரத்தில் பூமியில் காந்தப்புயல். ஆனால் இரண்டையும் முடிச்சுப் போட கேரிங்டன் அவசரப்படவில்லை. எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது அந்த நிதானம்தான்.

1858-இல் தந்தை இறந்ததும் பிரென்ட்ஃபோர்டு பியர் ஆலை அவர் தலையில் விழுந்தது. 1861-இல் அளவுகள் நின்றுபோயின.

முதல் மூன்று நாள் எண்களை அனுப்பு, பாகையாக மாற்றும் கணக்கை நான் போட்டுத் தருகிறேன். தேதியோடு நேரத்தையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராமு