ஊரிகா ஆற்றில் கால் நனைக்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மொராக்கோவின் மராகேஷ் போகிற நம்மவர்கள் பலர் ஒருநாள் பயணமாக ஊரிகா பள்ளத்தாக்கையும் பார்த்துவருகிறார்கள். அங்கே ஆற்றுக்குள்ளேயே, கற்களுக்கு நடுவில் நாற்காலி போட்டுச் சாப்பாடு பரிமாறுவார்கள். சுகமான இடம்தான். ஆனால் 1995 ஆகஸ்ட் 17 அன்று இதே ஆற்றில் வந்த திடீர் வெள்ளம் 200 பேருக்கு மேல் பலிகொண்டது. இருபுறமும் செங்குத்தான மொட்டை மலை. பெய்கிற மழை மண்ணில் ஊறாமல் நேரே ஆற்றில் இறங்கிவிடும். நம் தலைக்கு மேல் வெயில் காய்ந்தாலும் மேல்மலையில் கொட்டினால் போதும். கோடையில் மதியத்துக்குப் பின் உச்சியில் கருமேகம் திரண்டாலோ, தெளிந்த தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கினாலோ, பையைத் தேடாமல் மேட்டில் ஏறிவிட வேண்டும். காரை எடுக்கப் போகக் கூடாது. சாலை ஆற்றை ஒட்டியே செல்கிறது.

ஷேர் டாக்சி ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். திரும்பும் வண்டி இருட்டியபின் அரிது. பள்ளத்தாக்கிலுள்ள சேத்தி ஃபாத்மா என்ற ஊரின் ஏழு அருவிகளில் முதலாவதற்கே வழுக்குப் பாறை ஏற வேண்டும், ரப்பர் செருப்பு உதவாது. தஜீன் மண்சட்டியில், கரி நெருப்பில் மெதுவாக வேகும் பண்டம். ஏறுமுன் சொல்லிவிட்டால் இறங்கும்போது தயாராக இருக்கும். விலையையும் அப்போதே பேசிவிடுங்கள்.

அங்குள்ள மலைவாழ் மக்களுக்கு 'பெர்பர்' என்பது பிறர் வைத்த பெயர். அவர்கள் தங்களை அமாசிக் என்கிறார்கள். கேட்டுவிட்டுப் படமெடுங்கள். அவர்கள் மொழியில் நன்றிக்கு, 'தன்மிர்த்'.

- வாசகர், மதுரை