அவை மாவு அரைக்கவில்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் பயணப் பகுதியில் நெதர்லாந்தின் கிண்டர்டைக் கிராமத்தைப் பற்றி நான்கு பக்கங்களுக்குக் கட்டுரை வந்திருந்தது. அதன் முதல் பத்தியிலேயே ஒரு வரி: "கோதுமை மாவு அரைப்பதற்காக அந்தக் காலத்தில் கட்டிய 19 காற்றாலைகள் வரிசையாக நின்று நம்மை வரவேற்கின்றன."

மாவா? அந்த 19இல் ஒன்றுகூட மாவு அரைப்பதற்காகக் கட்டியதல்ல. அத்தனையும் தண்ணீர் இறைத்தவை. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அச்சுக்குப் போகுமுன் நீங்கள் படித்துப் பார்த்திருந்தால் நிச்சயம் திருத்தியிருப்பீர்கள். படிக்க நேரமில்லை என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

நான் 31 வருடம் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஓட்டி ஓய்வு பெற்றவன். மூன்று வருடங்களுக்கு முன் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ரோட்டர்டாமிலிருந்து படகேறி அந்த ஊருக்குப் போனேன். மகளும் மாப்பிள்ளையும் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். நான் காற்றாலைக்குள் நுழைந்தவன் இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. ஊர் திரும்பியதும் நடைப்பயிற்சி நண்பர்களிடம் அதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறேன் (அவர்கள் கணக்கில் மிகப் பலமுறை). போன புதன்கிழமை அவர்களில் ஒருவர் உங்கள் இதழை நான்காக மடித்துக்கொண்டு வந்து நீட்டினார். "என்ன சார், தண்ணின்னீங்க, இதுல மாவுன்னு போட்டிருக்கே?" அச்சில் வந்ததற்கு முன்னால் என் 31 வருடம் எடுபடுமா? எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

லெக், நோர்ட் என்ற இரண்டு ஆறுகள் சேரும் மூலையில் இருக்கிறது கிண்டர்டைக். அதன் பின்னால் இருக்கும் அல்பிளாசர்வார்ட் நிலப்பகுதியில் பெரும்பாலானது கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. ஆதியில் ஆற்றின் மட்டம் இறங்கும் நேரம் பார்த்து மதகைத் திறந்து தண்ணீரை வடியவிட்டார்கள். அந்த நிலமோ மக்கிய செடிகொடிகளால் ஆன சதுப்பு மண். ஈரம் வடிய வடிய அது சுருங்கி அமிழ்ந்துகொண்டே போனது. ஆற்றின் மட்டமோ உயர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் மதகைத் திறந்தாலும் தண்ணீர் தானாக வெளியேறாது என்ற நிலை. அப்புறம்தான் காற்றாலை. 1738இல் செங்கல்லால் வட்டமாக எட்டு, 1740இல் ஓலைக் கூரை போலக் கோரை வேய்ந்த எண்கோண வடிவில் எட்டு. இவை போக இன்னும் மூன்று உண்டு.

ஒவ்வொன்றுக்கும் அடியில் துடுப்புப் பலகைகள் பொருத்திய பெரிய சக்கரம். மேலே இறக்கை சுற்றினால் கீழே சக்கரம் சுற்றித் தண்ணீரை வாரித் தள்ளும். பம்ப் ஓட்டியவன் பார்வையில் அழகே இங்கேதான் இருக்கிறது. இந்தச் சக்கரத்தால் சுமார் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஏற்ற முடியாது. ஆகவே கீழ்த்தேக்கத்திலிருந்து மேல்தேக்கத்துக்கு ஏற்றி அங்கே நிறுத்தி வைப்பார்கள். லெக் ஆறு இறங்கியதும் மதகு வழியே அதில் விடுவார்கள். நாங்கள் இரண்டு நிலையம் போட்டுச் செய்ததை அவர்கள் மின்சாரம் இல்லாமல், காற்றை நம்பிச் செய்திருக்கிறார்கள். காற்று திசை மாறினால் பின்பக்கம் இருக்கும் நீண்ட மரத்தைப் பிடித்து உச்சிக் கூண்டையே திருப்ப வேண்டும், நடு ராத்திரியானாலும். இறக்கை கிட்டத்தட்ட தரையைத் தொட்டுக்கொண்டு சுற்றும் என்பதால் எதிரெதிரே இரண்டு வாசல். ஒன்றின் முன்னால் இறக்கை சுற்றும்போது மற்றொன்றின் வழியாகப் போய் வருவார்கள். உள்ளேதான் குடும்பமே குடியிருந்தது. இன்றும் பலவற்றில் ஆட்கள் வசிக்கிறார்கள்.

1868இல் நீராவி நிலையம் வந்தது, பிறகு மின்சாரம், இப்போது சுழன்று தண்ணீரை மேலேற்றும் ராட்சதத் திருகுகள். ஆனால் இரண்டாம் உலகப்போரில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது இதே கிழட்டு ஆலைகளைத்தான் மறுபடி ஓட்டினார்கள். 1997இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்ததும் இந்த நீர் இறைக்கும் ஏற்பாட்டைத்தான்.

இதற்கெல்லாம் கட்டுரையில் இடமில்லை. பூனைக் கதைக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம், அதிலும் பாதி ஓவியம். 1421இல் எலிசபெத் புனிதர் நாள் வெள்ளத்தில் ஒரு தொட்டில் மிதந்து வந்ததாம், பூனை ஒன்று இங்குமங்கும் தாவி அது கவிழாமல் காத்ததாம், குழந்தை கரை சேர்ந்ததால் 'குழந்தைக் கரை' என்று ஊருக்குப் பெயராம். நல்ல கதை, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஊர் இன்றுவரை மூழ்காமல் இருப்பதற்குப் பூனை காரணமல்ல.

போதாததற்கு இரண்டாம் பக்கப் படத்தில் பச்சை மர வீடுகள். அது ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே உள்ள ஸான்ஸ ஸ்கான்ஸ். அங்கே எண்ணெய் ஆட்டும் ஆலை உண்டு, மரம் அறுக்கும் ஆலை உண்டு, சாயம் அரைக்கும் ஆலைகூட உண்டு. உங்கள் கட்டுரையாளர் எங்கே போனார், எதைப் பார்த்தார் என்று எனக்குச் சந்தேகம் வருவது இங்கேதான்.

சரி, இது முதல் தடவையும் அல்ல. அணையின் ஓட்டையில் விரலை வைத்து ஊரைக் காப்பாற்றிய டச்சுச் சிறுவனைச் சிறுவர் பகுதியில் வரலாறு என்று போட்டீர்கள். அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் 1865இல் எழுதிய நாவலால் பரவிய கற்பனைக் கதை அது என்று நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. நாடு முழுவதையும் ஹாலந்து என்று எழுதாதீர்கள், அது 12 மாகாணங்களில் இரண்டின் பெயர் என்று இன்னொரு கடிதம் போட்டேன். அதை மூன்று வரியாக வெட்டி, என் பெயரையும் தப்பாகப் போட்டு வெளியிட்டீர்கள். (கிண்டர்டைக் இருப்பது தெற்கு ஹாலந்து மாகாணத்தில்தான் என்பதால் இந்த முறை தப்பித்தீர்கள்.) ஏரி, கால்வாய், கிணறு பற்றி மாதம் ஒரு பக்கம் வந்துகொண்டிருந்ததே, அதை ஏன் நிறுத்தினீர்கள்? அந்த இடத்தில்தான் ராசிபலன் இப்போது இரண்டு பக்கமாகிவிட்டது. என் ராசிக்கு இந்த மாதம் "வீண் விவாதம் தவிர்க்க" என்று போட்டிருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரே ஒரு வரி: கிண்டர்டைக் காற்றாலைகள் தண்ணீர் இறைக்கக் கட்டப்பட்டவை. எழுத்து பொடியாக இருந்தாலும் பரவாயில்லை, கண்ணாடி போட்டுப் படிக்கிறவர்கள்தான் எங்கள் குழுவில் எல்லோரும். முடிந்தால் புதன்கிழமைக்கு முன் இதழ் கைக்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

துடுப்புச் சக்கரத்தை நான் எடுத்த படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். பயன்படாவிட்டால் திருப்பி அனுப்பவும். தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
22 வருடச் சந்தாதாரர், கரூர்
(பெயரை இந்த முறை நானே விட்டுவிட்டேன்.)